காரிமங்கலம் மாங்கூழ்க் கிடங்கு: சுவரையும் கூரையையும் பிணைக்கும் எஃகுத் துண்டுகள், ஒரு நிகழ்வு ஆய்வு

தேசிய நெடுஞ்சாலை 44-ல் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, காரிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் எழுகிற கிடங்குகளின் அமைப்பை ஒட்டி வைத்துக்கொண்ட மாதிரிக் கட்டடம் இது. அகலம் 30 மீட்டர், நீளம் 60 மீட்டர். சுற்றிலும் 150 மி.மீ. தடிமனுள்ள முன்வார்ப்புக் கான்கிரீட் பேனல் சுவர். கூரைப் பிடிப்பு மட்டம் வரை 8 மீட்டர், அதற்கு மேல் 1 மீட்டர் கைப்பிடிச் சுவர். கூரை எஃகு. 6 மீட்டருக்கு ஒரு ராஃப்டர் (அகல வாக்கில் ஓடும் முதன்மை உத்தரம்), 1.5 மீட்டருக்கு ஒரு இசட் பர்லின் (ராஃப்டர்களின் மேல் நீள வாக்கில் ஓடும் மெல்லிய தகட்டுச் சட்டம்; ஆழம் 200, தடிமன் 2 மி.மீ.), மேலே ஷீட். உள்ளே மாங்கூழ்ப் பீப்பாய்கள் அடுக்கடுக்காக நிற்கும்.

பேனல் கனமானது. சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன் (இனி கி.நி.; 1 கி.நி. ஏறக்குறைய 100 கிலோ எடை). கூரை இலேசானது. அந்தக் கனத்தை நிமிர்த்திப் பிடிப்பது அடியில் அஸ்திவாரமும் மேலே சில எஃகுத் துண்டுகளும்தான். நிலம் சுவரின் முகத்துக்குச் செங்குத்தாக ஆடும்போது சுவர் கூரையை இழுக்கும், தள்ளும், மறுபடி இழுக்கும். அந்த இழுப்பு முழுவதும் கைக்கு அடக்கமான ஒரு கிளீட்டின் (இணைப்புத் துண்டின்) வழியேதான் போக வேண்டும். ஆய்வுக்கு எடுத்தது அந்தக் கிளீட்டையும் அதன் இரு பக்கத்து இணைப்புகளையும்.

வழக்கமாக வரைபடத்தில் வரும் டீட்டெய்ல்

முகப்புச் சுவரில் (30 மீட்டர் பக்கம்) பர்லின் முட்டும் ஒவ்வொரு இடத்திலும் 75×75×6 ஆங்கிள் (எல் வடிவ எஃகு), 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு. சுவரில் ஒரு எம் 12 (12 மி.மீ. விட்ட) கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசையால் ஒட்டும் போல்ட், பதிவு ஆழம் 90 மி.மீ. பர்லின் பக்கம் ஒரு எம் 12 போல்ட், அதுவும் நீள்துளையில், விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி. பொருத்துவதற்கு வசதி, விலையும் குறைவு. பல கிடங்குகளுக்கு இதே படம்தான் கை மாறி வருகிறது. இதை எண்களோடு உரசிப் பார்க்கலாம்.

விசை எவ்வளவு

அடியிலும் கூரை மட்டத்திலும் கீல் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 9 மீட்டர் உயரச் சுவரில் கூரைக்கு வந்து சேரும் பங்கு 9 × 4.5 ÷ 8 (மொத்த உயரம் × எடை மையத்தின் உயரம் ÷ பிடிப்பின் உயரம்), அதாவது 5.06 மீட்டர் உயரத்தின் எடை. நீள மீட்டருக்கு 18.98 கி.நி. கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் 15 கி.நி.யோடு முடிந்திருக்கும். ஒரு மீட்டர் கைப்பிடிச் சுவரின் சொந்த எடை 3.75 கி.நி.; கூரைக்கு அது கூட்டும் சுமையோ 3.98 கி.நி. நெம்புகோல் தூரம் கூடுவதால் தன் எடையைவிட அதிகம் கேட்கிறது. கட்டடக்கலைஞர் கடைசி நேரத்தில் பெயர்ப் பலகைக்காக அரை மீட்டர் உயர்த்தினால் பிடிப்புக் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும்.

இந்திய நில அதிர்வு நெறியான ஐ.எஸ். 1893 (பகுதி 1, 2016) பட்டியலில் தருமபுரி மூன்றாம் மண்டலம். மண்டலக் கெழு 0.16. குட்டை அதிர்வுக் காலத்துக்கு முடுக்கக் கெழு 2.5, சாதாரணக் கான்கிரீட் கட்டமைப்புச் சுவருக்குக் குறைப்புக் கெழு 3. இவை தரும் கிடைமட்டக் கெழு 0.067. நீள மீட்டருக்கு 1.27 கி.நி.; சுமைக் கெழு 1.5-ஐப் பெருக்கினால் 1.9. 1.5 மீட்டர் இடைவெளியில் ஒரு பிடிப்புக்கு 2.85 கி.நி. ஏறக்குறைய 290 கிலோ. ஆங்கிளும் ஒரு போல்ட்டும் தாங்கிவிடும் போலத் தோன்றும்.

இங்கேதான் சறுக்கல். குறைப்புக் கெழு 3 என்பது கட்டடம் முழுவதும் வளைந்து நெளிந்து ஆற்றலை உறிஞ்சும் என்ற நம்பிக்கைக்கான தள்ளுபடி. சுவர் தன் முகத்துக்குச் செங்குத்தாக ஆடுவது அந்தக் கதையில் சேராது. அந்தத் திசையில் சுவரைத் தடுப்பது நெகிழும் கூரைத் தளம். அதன் நடுப்பகுதி தரையைவிடப் பல மடங்கு வேகமாக உதறும். 1971 சான் ஃபெர்னாண்டோ நில அதிர்விலும் 1994 நார்த்ரிட்ஜிலும் கலிஃபோர்னியாவின் பேனல் கட்டடங்கள் பாடம் சொன்னது இதைத்தான்: கூரை நடுவில் முடுக்கம் தரையைப் போல மூன்று, நான்கு மடங்கு வரை எழுந்தது, சுவரும் கூரையும் சேரும் இடம் பிய்ந்தது, சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தது, ஆதாரம் போன கூரை உள்ளே இறங்கியது. 2012-ல் இத்தாலியின் எமீலியா பகுதியிலும் முன்வார்ப்புத் தொழிற்கூடங்கள் இணைப்பில்லாமலேயே விழுந்தன.

ஐ.எஸ். 1893-ன் அந்த 2016 பதிப்பில் சுவர்ப் பிடிப்புக்கென்று கூரையின் நெகிழ்ச்சியைக் கணக்கில் எடுக்கும் தனிச் சமன்பாடு கிடையாது. அமெரிக்க நெறியான ஏ.எஸ்.சி.இ. 7-ல் உண்டு. அதில் பிடிப்பு விசை, வடிவமைப்பு முடுக்கத்தோடு ஒரு பெருக்கக் கெழுவையும் சுவரின் எடையையும் பெருக்கி வருவது. எப்படியும் அந்தக் கெழுவோடு பெருக்கிய எடையின் 0.2 பங்குக்குக் கீழே போகக் கூடாது. பெருக்கக் கெழு 1 + (கூரைத் தளத்தின் வீச்சு ÷ 30.5 மீட்டர்), உச்சவரம்பு 2. முகப்புச் சுவரின் இழுப்பை வாங்கும் கூரைத் தளம் இரு நெடுஞ்சுவர்களுக்கு (60 மீட்டர் பக்கங்கள்) நடுவே 30 மீட்டர் பாய்கிறது, கெழு 1.98. தருமபுரியின் முடுக்கத்தை அந்த நெறியின் அளவுக்கு மாற்றினால் 0.11-ஐ ஒட்டி வரும், 0.2-ஐ எட்டாது. ஆகவே குறைந்தபட்சமே ஆளும்: 0.2 × 1.98 × 18.98 = நீள மீட்டருக்கு 7.52 கி.நி.; ஒரு பிடிப்புக்கு 11.3 கி.நி. முன்பு வந்த 2.85-ஐப் போல நான்கு மடங்கு.

காற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இழுக்கும் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 0.8 கி.நி. என்று வைத்தால், 1.5 கெழுவோடு ஒரு பிடிப்புக்கு 9.1 கி.நி. வருகிறது. நில அதிர்வுக் கணக்கை நம் நெறிப்படி மட்டும் போடுபவருக்குக் காற்றுதான் ஆளும், 9.1-க்கு வடிவமைத்து நிம்மதியாகிவிடுவார். அந்த எண் மோசமில்லை. ஆனால் காற்றின் 9.1-க்கு மேல் பெரிதாக ஏதும் வராது. நில அதிர்வின் 11.3 என்பது ஒரு கீழ்வரம்பு மட்டுமே, அதற்கு மேல் எவ்வளவு வரும் என்பதை இணைப்பின் பலம்தான் தீர்மானிக்கும்.

எஃகுக்கு மட்டும் ஏன் 1.4

அதே நெறியில் சுவர்ப் பிடிப்பிலுள்ள எஃகு உறுப்புகளுக்கு விசையை 1.4-ஆல் பெருக்கச் சொல்கிறது. ஆங்கர் போல்ட்டுக்கும் கம்பிக்கும் விலக்கு. கான்கிரீட்டில் பதியும் பாகத்துக்கு அமெரிக்கக் கான்கிரீட் நெறியான ஏ.சி.ஐ. 318-ல் தனியாகக் கடுமையான விதிகள் இருப்பதால் அவற்றை இங்கே இரட்டிப்பதில்லை. நடுவிலுள்ள கிளீட், பட்டை, வெல்டு, பர்லின் முனை, கூரைக்குள் விசையைக் கொண்டுபோகும் ஸ்ட்ரட் எல்லாவற்றுக்கும் 1.4 உண்டு. நம் எண் 15.8 கி.நி.

இளகித் தாங்கும் பொருள் என்று எஃகுக்கு நல்ல பெயர் இருக்க, அதற்கே ஏன் அபராதம் என்று கேட்பார்கள். இளகுவதற்கு நீளம் வேண்டும். 75 மி.மீ. நீளப் பட்டை முழுவதும் 5 சதவீதம் நீண்டால்கூட 4 மி.மீ.க்குக் குறைவு, அதுவும் முழு நீளமும் நீளாது, துளைக்குப் பக்கத்தில் விரற்கடை அகலத்தில்தான் நீளும். கூரை நடுப்பகுதியோ சென்டிமீட்டர் கணக்கில் ஆடுகிறது. நார்த்ரிட்ஜில் பட்டைகள் துளை வழியே வெட்டுப்பட்டது இப்படித்தான். போதாததற்கு, வடிவமைப்பு விசைக்கும் உண்மையான முறிவு விசைக்கும் நடுவே எஃகில் இருக்கும் இடைவெளி குறுகலானது. 1997-ன் யூ.பி.சி. என்ற அமெரிக்கக் கட்டட நெறியில் எஃகுக்கு 1.4, மரத்துக்கு 0.85 என்று பொருளுக்குப் பொருள் மாறிய கெழு வந்தது இந்தக் கணக்கில்தான்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த நெறியின் வகைப்பாட்டில் தருமபுரியின் முடுக்கத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்து எடுத்தால் 1.4 கட்டாயமாகும் வகைக்கு ஒரு படி கீழே நிற்கும். குறைக்காமல் எடுத்தால் உள்ளே வந்துவிடும். எல்லைக்கோட்டு வழக்கு. நமது முடிவு, போடலாம் என்பதே. 75×8 பட்டையில் 200 மி.மீ. துண்டு ஒரு கிலோகூட இல்லை. ஒரு முகப்புச் சுவருக்கு 21 துண்டு. 6-ஐ 8 ஆக்குவதற்கு ஆகும் எஃகு ஐந்து கிலோ. பேரம் பேச வேண்டிய இடம் இதுவல்ல.

ஆங்கிள் எங்கே தோற்கிறது

ஒற்றை ஆங்கிளைக் கையில் வைத்துப் பாருங்கள். பர்லினின் இழுப்பு நிற்கும் காலின் வழியே வருகிறது. சுவரோடு ஒட்டிய காலில் போல்ட் 40 மி.மீ. தள்ளி இருக்கிறது. இழுத்ததும் குதிகால் சுவரை விட்டு எழும்பும், விரல் நுனி சுவரில் அழுந்தும். ஆங்கிள் வாயைத் திறக்கும். நிற்கும் காலின் நடுக்கோட்டிலிருந்து போல்ட்டுக்கு 37 மி.மீ., போல்ட்டிலிருந்து நுனிக்கு 35. நுனியைச் சுற்றித் திருகலை (விசை × தூரம்) எடுத்தால் போல்ட்டில் வரும் இழுவை, பர்லின் இழுப்பைப் போல (37 + 35) ÷ 35 = 2.06 மடங்கு. 11.3 கி.நி. இழுத்தால் ஆங்கருக்கு 23.2. வரைபடத்தில் எங்கும் எழுதப்படாத எண் இது.

ஆங்கிளின் கால் அதற்கு முன்னாலேயே வளைந்துவிடுகிறது. 100 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன், 250 தர எஃகு: இந்திய எஃகு நெறியான ஐ.எஸ். 800-ன்படி வளைவுத் திறன் 0.164 கி.நி.மீ. 37 மி.மீ. கையால் வகுத்தால் 4.4 கி.நி. காற்றின் 9.1-க்கே பாதிதான். பர்லின் பக்கம் இரண்டு போல்ட் இருந்திருந்தால் ஆங்கிள் திரும்பாமல் தடுபட்டுத் திறன் ஏறக்குறைய இரட்டித்திருக்கும். ஒற்றைப் போல்ட் கீல் மாதிரி சுழல விட்டுவிடுகிறது. 15.8 கி.நி.க்குத் தேவைப்படும் தடிமன் 11.3 மி.மீ.; கடையில் கிடைப்பது 12. ஆனால் தடித்த ஆங்கிள் போட்டால் ஆங்கரின் 2.06 மடங்கு அப்படியே நிற்கும். தடிமனைக் கூட்டுவது நோயை அடுத்த உறுப்புக்குத் தள்ளும் வேலை.

அடுத்த உறுப்பு அதைத் தாங்குமா? எம் 30 தரக் கான்கிரீட்டின் கனசதுர வலிமையை உருளை வலிமைக்கு மாற்றினால் 24 மெகாபாஸ்கல். 90 மி.மீ. பதிந்த ஒற்றைக் கெமிக்கல் ஆங்கரின் கூம்பு முறிவு 7 × √24 × 90-ன் 1.5 அடுக்கு, அதாவது 29.3 கி.நி. குறைப்புக் கெழு 0.65, நில அதிர்வுக்கு 0.75 சேர்த்தால் 14.3 மிஞ்சும். வேண்டியது 23.2. போல்ட்டின் எஃகு 48 கி.நி. வரை தாங்கக்கூடியது, ஆகவே போல்ட் நீளாது, கான்கிரீட் ஒரு கூம்பாகப் பெயர்ந்து வரும், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல்.

பர்லின் முனையிலும் கோளாறு. 20 மி.மீ. விளிம்புத் தூரத்தில் ஒற்றை எம் 12 போல்ட்டுக்கு 2 மி.மீ. தகட்டின் தாங்குதிறன் 10 கி.நி. அளவே. நீள்துளை இன்னும் மோசம்: இழுக்கும் திசையிலேயே துளை நீண்டிருந்தால் போல்ட் அதன் நுனியைத் தொடும்வரை சுவரை யாரும் பிடிக்கவில்லை. அப்புறம் சம்மட்டி அடி மாதிரி ஒரே முட்டு. வெயிலில் எஃகு நீளும் என்றுதான் நீள்துளை போடுகிறார்கள். 60 மீட்டர் எஃகு 30 டிகிரி மாற்றத்தில் 22 மி.மீ. நீளும், இரு முனைக்கும் 11 மி.மீ. வீதம். 8 மீட்டர் உயரச் சுவர் 11 மி.மீ. சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். முகப்புச் சுவரில் வட்டத் துளைதான் வேண்டும்.

மாற்று டீட்டெய்ல்

பேனல் வார்க்கும்போதே 200×200×12 எம்பெட் பிளேட்டை (கான்கிரீட்டில் புதையும் தகட்டை) பதித்துவிடுவது. பின்னால் தலையுள்ள ஸ்டட் (பிளேட்டில் வெல்டு செய்த எஃகுத் தண்டு) நான்கு, விட்டம் 12, இரு திசையிலும் 120 மி.மீ. இடைவெளி, பயனுறு ஆழம் 90. பிளேட்டின் நடுவில் 75×8 பட்டையை நிமிர்த்தி வெல்டு செய்து, பர்லினின் வெப் (நிற்கும் நடுத் தகடு) அதன் பக்கவாட்டில் ஒட்டும்படி இரண்டு எம் 12, 8.8 தரப் போல்ட். போல்ட் இடைவெளி 40, பர்லின் விளிம்பிலிருந்து 30. இழுப்பு பிளேட்டின் மையத்துக்கே வருகிறது; வாய் திறக்க ஏதுமில்லை. பட்டையைப் பிளேட் மையத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்தால் பர்லின் வெப்பின் நடுக்கோடு மையத்தில் சரியாக அமரும்.

12 மி.மீ. பிளேட் ஏன்? ஸ்டட் வரிசைகளுக்கு நடுவே 120 மி.மீ. பாயும் தகட்டில் நடுவிலிருந்து 15.8 கி.நி. இழுக்கிறது, திருகல் 0.47 கி.நி.மீ. 150 மி.மீ. பயனுறு அகலத்துக்கு 8 மி.மீ. தகட்டின் திறன் 0.44, கொஞ்சம் போதாது. 12-க்கு 0.98. தகடு விறைப்பாக இருந்தால் ஸ்டட்டில் நெம்பு இழுவையும் சேராது.

பட்டையில் துளையின் அளவு கவனிக்க வேண்டியது. துளையில் வெட்டுப்படுவதற்கு முன் முழு அகலமும் இளக வேண்டுமென்றால், 250 தர எஃகில் துளை போக மிஞ்சும் அகலம் மொத்தத்தில் 0.77-க்குக் குறையக் கூடாது. 75 பட்டையில் எம் 16-க்கு 18 மி.மீ. துளை: 57 ÷ 75 = 0.76, தவறிவிடுகிறது. எம் 12-க்கு 13 மி.மீ. துளை: 0.83. பெரிய போல்ட் போட்டால் பலம் கூடும் என்று தளத்தில் துளையைப் பெரிதாக்குவது இங்கே எதிர்வேலை. கேஸ் கட்டரால் துளை போட்டால் கதை முடிந்தது. டிரில் அல்லது பஞ்ச் மட்டுமே.

இந்த அமைப்பில் எது முதலில் இளகும் என்பதே பிடித்த விஷயம். பட்டையின் திறன் 136 கி.நி.; அது அசையாது. தளத்து வெல்டு, இரு பக்கமும் 6 மி.மீ. ஃபில்லட், 83. நான்கு ஸ்டட்டின் கூம்புக் கூட்டு: தனிக் கூம்பு 41.8, பரப்பு விகிதம் 2.09, ஆக 87, கெழுக்கள் 0.70, 0.75 போக 45.8. பர்லின் துளை இரண்டும் சேர்ந்து வடிவமைப்பில் 30.3, கெழு நீக்கினால் 37.9. ஆகவே பெரிய அதிர்வு வந்தால் பர்லினின் மெல்லிய தகட்டில் துளை முட்டை வடிவமாக நீளும். சத்தமில்லாமல், பல முறை முன்னும் பின்னும் ஆற்றலைத் தின்றுகொண்டே. அந்த 37.9-ஐ 1.2-ஆல் பெருக்கினாலும் 45.4, கான்கிரீட்டின் 45.8-க்குள் நிற்கிறது. மிகைவலிமைக் கெழு 2.5 போட்டு 11.3-ஐப் பெருக்கும் வழியில் போனாலும் கான்கிரீட்டுக்கு 28 கி.நி.தான். இந்த வரிசை கெடாமல் இருக்க வேண்டுமானால் பர்லின் முனையில் யாரும் கூடுதல் தகடு வைத்து வெல்டு செய்யக் கூடாது. அதையும் வரைபடத்தில் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்துவிடுவார்கள்.

பிடிப்பு இடைவெளி 1.2 மீட்டரைத் தாண்டினால் சுவர் அவற்றுக்கிடையே கிடைமட்டமாக வளைவதையும் பார்க்க வேண்டும். 1.5-க்கு 2.1 கி.நி.மீ.; 8 மி.மீ. கம்பி 200 மி.மீ.க்கு ஒன்று இருந்தாலே தாராளம். எம்பெட் பேனல் மூட்டிலிருந்து 135 மி.மீ.க்குள் வந்தால் கூம்பு பாதியில் வெட்டுப்படும். மூட்டை நகர்த்துங்கள், அல்லது அந்த இடத்தில் ஸ்டட்டுக்குப் பதில் கொக்கிக் கம்பியை வெல்டு செய்து பேனல் கம்பியில் மாட்டுங்கள். வெறும் பட்டையைக் கான்கிரீட்டில் செருகிவிடுவது பிடிப்பாகாது. அது பேனல் கம்பியைக் கொக்கியால் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்.

விசை கூரைக்குள் நுழைந்த பிறகு

கிளீட்டைச் சரிசெய்துவிட்டு நிறுத்துவதுதான் அடுத்த பொதுத் தவறு. பர்லின் 1.5 மீட்டருக்கு ஒன்றாகத் தள்ளும் விசையை முதல் ராஃப்டர் வாங்குகிறது. முதல் பேயில் (முகப்பை ஒட்டிய முதல் 6 மீட்டர் கட்டத்தில்) குறுக்குக் கம்பி பிரேசிங் முடிச்சுகள் 6 மீட்டருக்கு ஒன்று என்றால், நடுவிலுள்ள மூன்று பர்லின்கள் ராஃப்டரின் மேல் ஃபிளேஞ்சை (கிடைத் தகட்டை) அதன் பலவீனத் திசையில் வளைக்கும். நீள மீட்டருக்கு 10.5 கி.நி., 6 மீட்டர்: திருகல் 47 கி.நி.மீ. 200×10 ஃபிளேஞ்சின் திறன் 22.7. முடிச்சை 3 மீட்டருக்கு ஒன்றாக்கினால் 11.8-க்கு இறங்கிவிடும். பிரேசிங் முடிச்சும் பர்லின் இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும் என்பதை ஷாப் டிராயிங் வரும்போதே பிடித்துவிட வேண்டும். ஷீட் தாங்கிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். நழுவும் கிளிப்பில் உட்காரும் ஸ்டாண்டிங் சீம் ஷீட்டுக்கு இந்த வேலையில் பங்கே கிடையாது. சுவர் உள்பக்கம் சாயும் அரைச் சுற்றில் இதே பர்லினுக்கு 15.8 கி.நி. அழுத்தமும் உண்டு, நடுவில் சேக் ராடு (பர்லின்களைக் குறுக்கே இணைக்கும் கம்பி) இல்லாவிட்டால் 6 மீட்டர் இசட் பர்லின் பக்கவாட்டில் மடங்கும்.

நெடுஞ்சுவரில் கதை வேறு. அங்கே சுவரைத் தொடுவது 6 மீட்டருக்கு ஒரு ராஃப்டர் மட்டும். பெருக்கக் கெழு உச்சமான 2-க்குப் போகிறது. நீள மீட்டருக்கு 7.6, எஃகுக்கு 10.6 கி.நி. ராஃப்டருக்கு ராஃப்டர் ஈவ் ஸ்ட்ரட் (கூரை ஓரத்து எஃகுச் சட்டம்) ஓட்டி அதில் 1.5 மீட்டருக்கு ஒரு பிடிப்பு வைத்தால், ஸ்ட்ரட்டில் கிடைமட்டத் திருகல் 47.8 கி.நி.மீ. ஈவ் பர்லின் என்று போடும் மெல்லிய தகட்டுக்கு இது கனவிலும் நடக்காது. ஐ.எஸ்.எம்.சி. 250 சேனலை வெப் கிடையாகப் படுக்கவைத்துப் போட வேண்டும். அல்லது ஸ்ட்ரட்டின் நடுவிலிருந்து ராஃப்டருக்கு மூலைத்தாங்கி கொடுத்து வீச்சை 3 மீட்டராக்கினால் திருகல் 12-க்கு வந்துவிடும், இதுவே மலிவு. கிடங்கு விலைப்பட்டியலில் இந்த ஸ்ட்ரட்தான் முதலில் வெட்டுப்படும் உருப்படி என்பது எல்லோருக்கும் தெரியும்.

தளத்தில்

எம்பெட் பிளேட் 30, 40 மி.மீ. தவறி வருவது சகஜம். பேனல் படுக்கையில் அதிர்வுக் குச்சி பிளேட்டைத் தள்ளிவிடும். பிளேட்டின் நான்கு மூலையையும் அச்சுப் பலகையில் திருகால் கட்டுங்கள், கம்பியில் கட்டு போட்டு விட்டுவிடாதீர்கள். தவறியே வந்துவிட்டால், பட்டையை மையத்துக்கு வெளியே வெல்டு செய்து சமாளிக்கும் பழக்கம் உண்டு. 40 மி.மீ. தள்ளினால் ஒரு பக்கத்து இரண்டு ஸ்டட்டுக்கு மொத்த இழுப்பில் 83 சதவீதம் போகும். அப்படிப்பட்ட இடத்தில் பழைய பிளேட்டை மறந்துவிட்டுக் கீழே சொல்லும் ஊடுருவு போல்ட்டுக்குப் போவது மேல்.

வெல்டு பட்டையின் இரு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டி, மறுபக்கம் கை எட்டவில்லை, “டாக் போட்டாச்சு சார்” என்று சொல்லும் இடத்தில் பட்டை ஆடும்போது வெல்டின் வேரே கிழியும். 12 மி.மீ. பிளேட்டில் தொடர்ந்து வெல்டு ஓட்டினால் சூட்டில் பிளேட் விரிந்து சுற்றியுள்ள கான்கிரீட் விளிம்பு பொரியும், 40 மி.மீ. ஓட்டி, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் ஓட்டுங்கள். மாங்கூழ் ஆலையில் தரை கழுவும் ஈரம் நிரந்தரம். எரிந்த துத்தநாகப் பூச்சை அன்றே துத்தநாகப் பெயின்டால் மூட வேண்டும்.

ஹாலோ பிளாக் அல்லது சாலிட் பிளாக் சுவரானால் பிளாக்கில் ஆங்கர் அடிப்பதை நம்ப முடியாது. இந்திய நெறியான ஐ.எஸ். 4326 சொல்லும், கூரை மட்டத்துக் கான்கிரீட் பட்டையில்தான் பிடிப்பு வர வேண்டும். இரண்டு கம்பி போட்ட 75 மி.மீ. பட்டையில் ஆங்கருக்கு ஆழம் கிடைக்காது. பிடிப்பு வரும் சுவரில் நான்கு கம்பியும் 150 மி.மீ. உயரமும் வைக்கவும்.

ஏற்கெனவே நிற்கும் கிடங்கு

ஒற்றை ஆங்கிளோடு ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தை மாற்ற, சுவரைக் குடைந்து மறுபக்கம் வரை போகும் எம் 16 போல்ட் இரண்டும், வெளியே ஒரு 200×150×10 பிளேட்டும், உள்ளே பட்டை வெல்டு செய்த அதே அளவு 12 மி.மீ. பிளேட்டும் போதும். வெளிப் பிளேட் சுவரை முழுத் தடிமனுக்கும் அணைத்துக்கொள்வதால் ஆழமில்லாத கூம்பு என்ற பிரச்சினை எழாது. துளைக்கு முன் ஸ்கேனரால் கம்பி இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி அறுபட்டால் அந்தத் துளையைக் கைவிட்டு அடைத்துவிட வேண்டும். கெமிக்கல் ஆங்கர்தான் வழி என்ற இடத்தில், விரிசல் கான்கிரீட்டுக்கும் நில அதிர்வுக்கும் தகுதி பெற்ற பொருளா என்று சான்றிதழில் பாருங்கள். துளைத் தூசியை ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதாமல் பசை போட்டால் ஆங்கர் தூசியில்தான் ஒட்டும். சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் சூடாக இருக்கும்போது பசை கெட்டியாகும் நேரம் பாதியாகக் குறையும். காலை வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு சுவரிலும் மூன்று ஆங்கரையாவது இழுத்துப் பார்க்கவும், பொருத்தியவர் தேர்ந்தெடுக்காத மூன்றை.

பழைய ஆங்கிளைப் புதியது இறுகிய பிறகுதான் கழற்ற வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று. பர்லின் முனையிலிருந்த நீள்துளையைப் பயன்படுத்தாமல் வெப்பில் 13 மி.மீ. புதுத் துளை இரண்டு போடவும். பழைய துளையிலிருந்து குறைந்தது 40 மி.மீ. தள்ளி. வெளிப் பிளேட்டின் மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் சீலன்ட், கீழ் விளிம்பைத் திறந்தே விடவும், உள்ளே புகுந்த மழைநீர் வடிய வேண்டும்.